பெரிய விலங்கு, ஆபத்தில்லை

நான் இதுவரை ஒரு ராத்திரிகூடக் கூடாரத்தில் படுத்ததில்லை. படுக்கிற உத்தேசமும் இல்லை. வீட்டில் மெத்தையும் மின்விசிறியும் தாழ்ப்பாள் வைத்த கழிப்பறையும் இருக்கும்போது, காசு கொடுத்துக் கட்டாந்தரையில் படுத்து எறும்புக்கு உடம்பைக் காட்டுகிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் எங்கே படுக்கலாம் என்று சொல்வது நான்தான். கைபேசி வரைபடத்தில் கூடாரம் போட இடம் தேடினால் ஒரு பட்டியல் வருகிறதே, அது எங்கள் ஆபீசின் மூன்றாம் மாடியில், ஜன்னலே திறக்காத ஒரு அறையில் தயாராகிறது. ஆறு வருஷமாக இதே பிழைப்பு. நாலாயிரத்துச் சொச்சம் முகாம்களைத் தரம் பிரித்திருக்கிறேன்.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஓரமாகச் சின்னச் சதுரக் கூரை தெரிந்தால் கழிப்பறை. கறுப்பாக வட்டமாக இருந்தால் தண்ணீர்த் தொட்டி. அப்புறம் தங்கிவிட்டுப் போனவர்கள் எழுதிய கருத்துகளைப் படிப்பேன். "சொர்க்கம்" என்று எழுதியவர் வந்த அன்று மழை பெய்யவில்லை, அவ்வளவுதான். "நரகம்" என்று எழுதியவர் சாப்பாட்டுப் பையை மூடாமல் வைத்தவர். இருவரையும் தள்ளிவிட்டு, குழாயில் தண்ணீர் வந்ததா, பக்கத்துக் கூடாரத்துச் சண்டை காதில் விழுந்ததா என்று எழுதியிருக்கிற புண்ணியவானைத் தேடிப் பிடிக்க வேண்டும். படிவத்தை நிரப்பி முடித்தால் வரைபடத்தில் அந்த இடத்தின் மேல் சின்னச் சின்னப் படங்கள் முளைக்கும். குழாய், வேன், நெருப்பு, இலை.

இலைதான் இதில் ராஜா. பச்சை இலை என்றால் ராத்திரியில் அமைதி என்று பொருள். தேடுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் முதலில் இலையைத்தான் தட்டுகிறார்கள். இலை இல்லாத முகாம் பட்டியலின் அடியில் எங்கேயோ கிடக்கும், அதுவரைக்கும் விரலைத் தேய்க்கிற பொறுமை யாருக்கும் கிடையாது. இலை கிடைக்க இரண்டு விதிகள். கூடாரங்கள் இருக்கிற இடத்தில் ராத்திரிச் சத்தம் அளவோடு இருக்க வேண்டும். முகாமின் எல்லைக்கோட்டுக்குள் உரிமையாளர் ஒருவராவது ராத்திரி தங்க வேண்டும். இரண்டையும் எழுதியவர் எங்கள் தலைமை அதிகாரி. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கட்டம். எந்தப் பிரச்சினையையும் ஒரு கட்டத்துக்குள் போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற மனிதர். போன மாதம் ஆபீஸ் காபி இயந்திரம் ரிப்பேரானபோது அதற்கும் ஒரு படிவம் போட்டார். இயந்திரம் இன்னும் ரிப்பேராகத்தான் இருக்கிறது, படிவம் நன்றாக வேலை செய்கிறது.

ஒரு திங்கட்கிழமை தரம் பிரிக்க என் பங்குக்கு வந்த பட்டியலில் அக்காவின் முகாம் இருந்தது.

அக்காவின் புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பதினாறு வருஷம் தொலைதூர லாரி ஓட்டியவர். ஆறு நாள் ரோட்டில், ஒரு நாள் வீட்டில். கல்யாணமாகிப் பாதிக் காலம் அக்கா அவரைத் தொலைபேசியில்தான் பார்த்தாள் என்று நான் கிண்டல் செய்வேன், அவள் சிரிக்க மாட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாரியை விட்டுவிட்டு, ஏரிக்கரையோரம் நீளமாக ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். ஒரு முனையில் இவர்கள் வீடும் ஆறு கூடாரங்களும். மறுமுனையில், நடுவில் அடர்ந்த நாணலைத் தாண்டி, பழைய படகுக் கொட்டகை. எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நான் கேட்டபோது அக்கா சொன்ன காரணம் ஒன்றே ஒன்று.

"இந்த மனுஷன் இனிமேலாவது ராத்திரி வீட்டுல இருக்கட்டும்டி."

மனுஷன் ராத்திரி வீட்டில் இருந்ததுதான் பிரச்சினை. மாமாவின் குறட்டையைச் சாதாரணக் குறட்டை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஜல்லி ஏற்றிய லாரி மேட்டில் ஏறத் திணறுகிற சத்தம் அது. லாரியை விட்டு வந்தவர் சத்தத்தை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் இது தெரியும், அவர் ஒருவரைத் தவிர. பதினாறு வருஷமாகத் தனியாக லாரிக்குள் தூங்கியவருக்கு யார் சொல்வது? வீட்டில் இருக்கிற ஒரு நாளில் அக்கா சொல்லவில்லை. எங்களையும் சொல்ல விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், முழு லாரியை மறைத்தவள் என் அக்கா ஒருத்திதான்.

தங்க வந்தவர்கள் காலையில் கண் சிவந்து வந்து, "ராத்திரி என்னங்க அது சத்தம்?" என்று கேட்பார்கள். அக்கா கூசாமல், "அது ஏதோ காட்டு மிருகம், ஒண்ணும் பண்ணாது" என்பாள். அவர்களும் அதை அப்படியே கருத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். நான் படிவத்தைத் திறந்தபோது ஒன்பது கருத்துகள் இருந்தன. ஏழில் மிருகம் இருந்தது.

மத்தியானம் அக்கா போனில் பேசினாள். "ஏண்டி, எங்க இடம் உன்கிட்டதான வந்திருக்கு? இலை போட்டுடு."

"எப்படிப் போடறது? ஏழு பேரு உறுமல்னு எழுதியிருக்காங்க."

"இந்த வருஷமும் ஆள் வரலேன்னா மாமா திரும்ப லாரிக்குப் போறேங்கறாரு. பழைய முதலாளி போன வாரம் கூப்பிட்டுட்டாரு. புரியுதா உனக்கு?"

புரிந்தது. ஆனால் கட்டம் ஒவ்வொரு இலையையும் கருத்துகளோடு ஒத்துப் பார்க்கிறவர். படிவத்தில் "ராத்திரிச் சத்தம்" என்ற இடத்தில் நாலே வாய்ப்புகள்தான்: சாலை, தண்ணீர், விலங்கு, இல்லை. எதையாவது தட்டாமல் படிவம் நகராது. நான் எழுந்து அவர் மேஜைக்குப் போனேன்.

"சார், இதுல மனிதர்னு ஒண்ணு சேர்க்க முடியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மனுஷன் இன்னைக்கு இருப்பான், நாளைக்கு எழுந்து போயிடுவான். வரைபடத்துல அவன் எதுக்கு?"

"விலங்கும் எழுந்து போகுமே சார்."

"விலங்குக்கு எல்லை உண்டும்மா," என்றார் கட்டம், கண்ணாடியை மாட்டிக்கொண்டே. பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

திரும்பி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு விலங்கு என்று தட்டினேன். உடனே கீழே மூன்று கிளைக் கேள்விகள் திறந்துகொண்டன. அளவு? மாமா உட்கார்ந்தால் நாற்காலி முனகும். பெரியது. எத்தனை தடவை கேட்கும்? தினமும். ஆபத்து? பாவம், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். இல்லை. பொய் என்று பார்த்தால் முதல் தட்டு ஒன்றுதான் பொய், மிச்சம் மூன்றும் சத்தியம். சேமித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். இலை இல்லை, அக்கா இனி என்னோடு பேச மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

இப்படி ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கூடாரத்தில் படுக்கிறவர்களே ஒரு மாதிரி என்றால், அதிலும் ஒரு உட்பிரிவு உண்டு. மிருகச் சத்தம் கேட்கவே போய்ப் படுக்கிறவர்கள். அவர்கள் இலையைத் தட்டுவதில்லை, விலங்கு என்று தட்டினால் முளைக்கிற பாதச் சுவட்டுப் படத்தைத் தேடுகிறார்கள். பெரியது, தினமும், ஆபத்தில்லை என்று மூன்றும் ஒன்றாக இருக்கிற இடம் எங்கள் வரைபடம் முழுக்க ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம். பத்து நாளில் ஆறு கூடாரங்களும் நிரம்பிவிட்டன.

"என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று அக்கா பேசினாள். திட்டுகிறாளா, கொஞ்சுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளைவிட மாமாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. தன் நிலத்தில் இவ்வளவு பெரிய மிருகம் இருக்கிறதென்று இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். பெரிய டார்ச் வாங்கினார். தொப்பி வாங்கினார். சாயங்காலம் நெருப்பு மூட்டி வந்தவர்களை உட்காரவைத்து, அதன் குணம், அதன் நடை, அது தண்ணீர் குடிக்கும் நேரம் எல்லாம் விளக்கினார். ஈர மண்ணில் தன் செருப்புத் தடத்தையே காட்டி, "பாருங்க, பின்னங்கால்" என்றாராம். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அப்புறம் வந்தது, மிருகச் சத்தங்களைப் பதிவு செய்கிற ஒலிக்குழு. மூன்று பேர். மைக், கம்பி, மரத்தில் கட்டுகிற பெட்டிகள் என்று ஒரு வேன் நிறையச் சாமான். அவர்களின் தலைவரின் காதில் எந்நேரமும் ஒரு பெரிய ஹெட்போன் இருக்கும், அக்கா அவரைப் பெரியகாது என்றே சொன்னாள். பெரியகாது எங்கே போனாலும் மாமாவும் பின்னாலேயே போனார். விடிய விடிய அவர்களோடு மரத்தடியில் உட்கார்ந்தார், ஒரு பொட்டுத் தூங்காமல். ஒரு சத்தமும் இல்லை. இரண்டாம் ராத்திரியும் அப்படியே. மூன்றாம் ராத்திரியும் அப்படியே.

"எல்லாருக்கும் கேக்குது, நான் இருந்தா மட்டும் கத்தவே மாட்டேங்குதே," என்று அக்காவிடம் புலம்பினாராம். "எனக்கும் அதுக்கும் என்ன பகை?"

நான்காம் நாள் சாயங்காலம் அக்கா எனக்குப் பேசினாள். குரல் உடைந்திருந்தது. "மூணு நாளா நானும் தூங்கலடி. இன்னைக்கு அவரை மிரட்டிப் படுக்க வெக்கப் போறேன். மரத்துக்கு மரம் மைக்கு கட்டியிருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு, நீ வா." வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டது நான்தானே, அதனால் விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் வீட்டு முன்னால் மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா நன்றாகத் தூங்கி எழுந்து பளிச்சென்று இருந்தார். "வாம்மா மச்சினிச்சி, ராத்திரி மாட்டிக்கிச்சு!" என்றார். பெரியகாதின் முகத்தில்தான் ரத்தமே இல்லை.

"சொன்னா பயப்படக் கூடாது," என்றார் பெரியகாது. "மூணு மைக்குல எது எவ்வளவு சத்தமா பதிவாகியிருக்குன்னு பார்த்தோம். அது காட்டுல இல்லீங்க. உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு. தரைக்கு அடியில பொந்து இருக்கும்னு நினைக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் முதல்ல வெளிய வந்துடுங்க."

அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "எங்க, குடுங்க கேப்போம்" என்று ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார்.

முதலில் அவர் முகத்தில் வாய் கொள்ளாத சந்தோஷம். மூன்று ராத்திரி காத்திருந்து கிடைக்காதது இப்போது கிடைத்துவிட்டது. தலையை ஆட்டிக் கேட்டார், விரலால் தாளம்கூடப் போட்டார். பதிவு முடிகிற சமயத்தில் அந்த விரல் நின்றது. அதில் என்ன இருந்தது என்று பெரியகாது பிற்பாடு எனக்குப் போட்டுக் காட்டினார். உறுமல் சடாரென்று நிற்கிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தூக்கக் கலக்கத்தில் மாமாவின் குரல், "டார்ச்சை எங்கடி வெச்ச?" உடனே மறுபடியும் உறுமல், விட்ட இடத்திலிருந்து. கூடவே இருக்கிற வீட்டுக்காரர் தூக்கத்தில் உளறுகிறார் என்றுதான் பெரியகாது நினைத்திருக்கிறார். இரண்டும் ஒரே தொண்டை என்று அந்த நிபுணருக்குத் தோன்றவேயில்லை.

மாமாவின் காது சிவந்தது. ஹெட்போனைக் கழற்றித் தன் துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா விழுந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். அக்காவும் நானும் பின்னாலேயே ஓடினோம்.

"அத்தனை வருஷமுமா?" என்று கேட்டார்.

அக்கா தலையாட்டினாள். "முதல் மாசமே சொல்லியிருக்கணும். புதுசா கட்டிக்கிட்டவரு, எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். அப்புறம் பத்து வருஷம் கழிச்சுப் போய் எப்படிச் சொல்ல?"

"ஊருக்கெல்லாம் தெரியுமா?"

"எங்க வீட்டுக்கு மட்டும்," என்றேன் நான். "இப்ப வரைபடத்துக்கும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. படிவத்தில் பெரியது என்று தட்டியபோது சிரித்தவள் நான். அவர் கழுவிய டம்ளர்களை எல்லாம் திரும்ப ஒரு தடவை கழுவினார். அப்புறம் வெளியே போய், மேஜை முன்னால் நின்று, கூடியிருந்தவர்களிடம் சொன்னார்.

"பொந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது நான்தான். மன்னிச்சிடுங்க."

மூன்று பேர் சிரித்தார்கள். இரண்டு பேர் சாமானைக் கட்டினார்கள். பெரியகாது மட்டும் அழாத குறையாக, அந்தப் பதிவைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். இவ்வளவு ஆழமான சத்தம் இதுவரை கிடைத்ததில்லையாம்.

அன்று சாயங்காலமே மாமா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய், நாணலுக்கு அந்தப் பக்கம் நானூறு மீட்டர் தள்ளி இருந்த படகுக் கொட்டகையில் போட்டார். "இனிமே என் படுக்கை இங்கதான். நீ வீட்டுல படு. சத்தம் இருக்காது, இலை வந்துடும்," என்றார் அக்காவிடம். என்னிடம், "அந்த மிருகத்தை எடுத்துடும்மா, போதும்" என்றார். ஊர் ஊராகப் போய் லாரிக்குள் தூங்கியவர், வீட்டில் தூங்க என்று இடம் வாங்கி, கடைசியில் வீட்டிலிருந்து நானூறு மீட்டரில் போய்ப் படுத்தார்.  

ஆபீசில் உண்மையைச் சொன்னேன். அது என் அக்காவின் முகாம் என்பதையும் சொன்னேன். கட்டம் இருபது நிமிஷம் திட்டினார், நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் மிருகத்தை நீக்கிவிட்டு, நேரில் போய்ச் சத்தமானி வைத்து அளந்து வரச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தார். "இலை கிடைச்சா போடுங்க. கிடைக்கலேன்னா அக்கா தங்கச்சின்னு பார்க்கக் கூடாது." பாதச் சுவடு வரைபடத்திலிருந்து போனதும் பத்தே நாளில் கூடாரங்கள் காலியாகிவிட்டன. பழைய முதலாளி மறுபடியும் கூப்பிட்டுவிட்டார். இந்த இலை வராவிட்டால் அடுத்த ஒன்றாம் தேதி மாமா லாரியில் இருப்பார்.

அதனால் நாலாயிரம் முகாம்களைத் தரம் பிரித்த நான், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூடாரத்தில் படுத்தேன். எறும்பு வந்தது. முதுகுக்கு அடியில் ஒரு கல் இருந்தது, எந்தப் பக்கம் புரண்டாலும் கூடவே வந்தது. ஆனால் விடியற்காலையில் சத்தமானியைப் பார்த்தால், அளவுக்கு ரொம்பக் கீழே. முதல் விதி தேறிவிட்டது. சந்தோஷத்தில் அக்காவை எழுப்ப வீட்டுக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே படுக்கையில் யாரும் படுத்த அடையாளமே இல்லை.

வாசலுக்கு வந்தால், நாணல் ஓரமாக அக்கா நடந்து வந்துகொண்டிருந்தாள். கக்கத்தில் பாய், கையில் மாமாவின் பெரிய டார்ச். போன தடவை பார்த்த வீங்கின கண்கள் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"எங்கக்கா போன?"

"எங்க போவேன்? கொட்டகைக்குத்தான். தினமும் அங்கதான் படுக்கறேன்."

"அந்தச் சத்தத்துலயா?"

அக்கா பாயைக் கீழே வைத்தாள். "சத்தம் இல்லேன்னா லாரியில போயிருக்காருன்னு தோணுதுடி. பதினாறு வருஷம் அப்படித்தான் முழிச்சிருந்தேன். எங்க இருக்காரோ, எந்த ரோட்டுல கண் அசர்றாரோன்னு. அந்தச் சத்தம் கேட்டா ஆள் பக்கத்துல இருக்காருன்னு அர்த்தம். எனக்குத் தூக்கம் வந்துடும்."

 அப்போதுதான் எனக்கு இரண்டாம் விதி நினைவுக்கு வந்தது. எல்லைக்கோட்டுக்குள் உரிமையாளர் ஒருவராவது ராத்திரி தங்க வேண்டும். வீட்டையும் கூடாரங்களையும் சுற்றித்தான் கோடு இருந்தது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் முகாம் முதன்முதலில் வரைபடத்தில் ஏறியபோது, படத்தைப் பார்த்து நானே போட்ட கோடு. இருவரும் கோட்டுக்கு வெளியே தூங்குகிறார்கள். உள்ளதை எழுதினால் இலை போய்விடும், மாமா லாரிக்குப் போய்விடுவார். வீட்டில் படு என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அக்கா, கொட்டகை வரைக்கும் நிலம் உங்களோடதுதான?"

"பத்திரம் இருக்கு. ஏன்?"

ஆபீசுக்கு வந்து வரைபடத்தைத் திறந்தேன். கோட்டின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். ஏரிக்கரையோரமாகப் புள்ளி புள்ளியாக வைத்து, நாணலைத் தாண்டி, கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். ஒவ்வொரு புள்ளியும் பத்திரத்தில் உள்ளபடி. பார்ப்பதற்கு முகாமுக்கு வால் முளைத்தது போல இருந்தது. ராத்திரிச் சத்தம், கூடாரங்கள் இருக்கும் இடத்தில்: இல்லை. எல்லைக்குள் தங்குகிறவர்கள்: இருவர். சேமித்ததும் இலை பச்சையாக முளைத்தது.

ஐந்து நிமிஷத்தில் கட்டம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையை உற்றுப் பார்த்தார்.

"இது என்ன, வால் மாதிரி?"

"விலங்குக்கு எல்லை உண்டுன்னு நீங்கதான சார் சொன்னீங்க," என்றேன். "அது வரைக்கும்தான்."